கழிக்க வேண்டிய எண்

ஆகஸ்ட் 12, திங்கள்

பதினான்காவது நோட்டு இன்று தொடங்குகிறது. ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் முறையை எழுதிவைப்பது என் வழக்கம். நான் செத்த பிறகு யாராவது எடுத்துப் பார்த்தால், கிழவன் வாய்க்கு வந்ததை எழுதினான் என்று சொல்லக் கூடாது.

என் பெயர் கஸ்பார். வயது எழுபத்தொன்று. மேலத்துறையில் நாற்பது வருடம் படகு எஞ்சின் பழுது பார்த்தவன். படிப்பு ஏழாம் வகுப்பு. கருவி, மதுரையிலிருந்து வந்த ஓர் அமைப்பு 2011இல் கொடுத்துவிட்டுப் போனது. கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ளே பாயும்போதெல்லாம் ஒரு முறை 'டிக்' என்னும். நிமிடத்துக்கு எத்தனை என்று திரையில் எண் வரும். அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்து நாலு மாதம் படித்தேன். இயற்கையிலேயே எங்கும் கொஞ்சம் கதிர் உண்டு, நீ குடியிருக்கும் இடத்தில் அதை முதலில் அளந்து, மற்ற இடத்து எண்ணிலிருந்து கழித்துக்கொள் என்று போட்டிருந்தது. அப்படியே செய்கிறேன். காலையில் உள்ளறையில், ஜன்னலோரம், என் மனைவி பிலோமினாளின் மரப்பெட்டிமேல் கருவியை வைத்துப் பத்து நிமிடம். அதுதான் வீட்டு எண். பிறகு சைக்கிள். பதினொரு இடம். நோட்டில் மூன்று பத்தி: அளந்தது, வீட்டு எண், மிச்சம்.

இன்று வீட்டு எண் 212. மணல் ஆலையின் வடக்கு வேலி 264, மிச்சம் 52. ஆலைக்காரர்கள் கருமணலைச் சலித்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைக் கொட்டிவைத்திருக்கும் மேடு 388, மிச்சம் 176. பள்ளிக்கூட வாசல் 63. மிச்சம் 0. கல்சிலுவை நிற்கும் குருசடி 58. மிச்சம் 0.

கழித்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அப்படி எழுத முடியாது என்பதால் 0 போடுகிறேன். தலைமையாசிரியர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் கருவியைக் குழப்புகின்றன என்பது என் முடிவு.

முழங்கால் வலி. சைக்கிள் செயின் இரண்டு முறை கழன்றது.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள் பூசை முடிந்து வந்தபோது வாசலில் வியாகுலம் நின்றான். பிலோமினாளின் தம்பி. மணல் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலையைத் திட்டிக்கொண்டே அவன் கொண்டுவரும் மீனைத் தின்பதில் எனக்கு வெட்கம் கிடையாது.

"அத்தான், இன்னைக்கு எத்தன பூஜ்யம் புடிச்சீரு?"

"லேய், நீ முப்பது வருசம் அங்க சலிச்சியே, என்னத்தப் புடிச்ச?"

"பென்சன் புடிச்சேன். ஒம்ம பூஜ்யத்த வச்சு ஒரு சாளை வாங்க முடியுமாவே?"

சாளைமீனை முற்றத்தில் வைத்துவிட்டு ஒரு தாளையும் கொடுத்தான். செப்டம்பர் 21 அன்று பள்ளிக்கூடத்தில் நிபுணர் குழு உட்காரும். ஆலை இன்னும் இருபது வருடம் மணல் அள்ளலாமா, மேட்டைப் பள்ளிக்கூடப் பக்கம் நீட்டலாமா என்று மக்களிடம் கேட்பார்களாம். எழுத்துபூர்வமான ஆதாரம் உள்ளவர்கள் கொண்டுவரலாமாம்.

ஆதாரம் என்னிடம்தான் இருக்கிறது. பதிமூன்று நோட்டு. ஆனால் 2019இல் நான் போட்ட மனுவுக்கு வந்த பதிலையும் மறக்கவில்லை. "மனுதாரரின் சொந்தக் குறிப்புகளின்படியே குடியிருப்பு, பள்ளி, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றில் கூடுதல் கதிர்வீச்சு பூஜ்யம்." என் கையெழுத்தை எடுத்து என் கன்னத்தில் அறைந்தார்கள்.

இந்த முறை விட மாட்டேன். 2009இல் பிலோமினாள் வயிற்றில் கட்டி வந்து செத்தாள். ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு எதனால் வந்தது என்று அந்தக் குழு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வீட்டு எண் 211. பள்ளி 64. மிச்சம் 0. மற்றவை பின்பக்கம்.

ஜெனோவா போன் செய்தாள். என் ஒரே மகள். நாகர்கோவிலில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போது ஆறு மாதம். ஏழாம் மாதத்தில் அழைத்துவர வேண்டும்.

"அம்மா இல்லாத வீட்டுல என்னத்துக்குன்னு அத்தை கேக்காவ. நான் எங்க வீட்டுக்குத்தான் போவேன்னு சொல்லிட்டேன்."

"வா மக்ளே. உள்ளறைய ஒழிச்சு வெள்ளையடிக்கச் சொல்லுதேன்."

"அம்மா கால் வைக்குற பெட்டி இன்னும் அங்கதான் கெடக்கா?"

"கெடக்கு."

"தூக்கிப் போட்டுராதீங்க."

அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நோட்டில் எழுத வேண்டிய விஷயம் இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

பதிமூன்று நோட்டையும் நகல் எடுக்க நாகர்கோவில் போனேன். கடைக்காரப் பையன், "தாத்தா, இதுல பாதி பக்கம் முட்டையா இருக்கே" என்றான். திரும்பி வர மாலையாகிவிட்டது. நான் இல்லாத நேரத்தில் வியாகுலம் ஆள் வைத்து உள்ளறைக்கு வெள்ளையடித்துவிட்டான். அறை வெளிச்சமாக இருக்கிறது. சுண்ணாம்பு வாடை தாங்காமல் முன்னறையில் படுத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வீட்டு எண் 61.

பேட்டரி மாற்றினேன். 61. கருவியைத் தட்டினேன். 60. ஜன்னலைச் சாத்திவிட்டு அளந்தேன். 61.

கருவி செத்துவிட்டது. குழு உட்கார இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது. மதுரை அமைப்பை இழுத்து மூடி ஆறு வருடம் ஆகிறதாம். பழைய ஆள் ஒருவர் கோயம்புத்தூரில் கோதை என்ற ஆராய்ச்சிக்காரியின் எண்ணைக் கொடுத்தார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வருகிறாளாம், வந்து பார்ப்பாளாம்.

சும்மா இருக்க முடியாமல் செத்த கருவியோடு சைக்கிளில் போனேன். வடக்கு வேலி 262. மேடு 390. பள்ளி 64. குருசடி 58.

மற்ற இடங்களில் அது சாகவில்லை.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் உள்ளறையில் நின்றேன். வெள்ளையடிப்பதற்காகப் பெட்டியைக் கொல்லைப்பக்கம் தென்னை மூட்டில் இறக்கிவைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே தெரிகிறது.

ஆகஸ்ட் 28, புதன்

அளக்கவில்லை. முதுகுவலி.

ஆகஸ்ட் 29, வியாழன்

அளக்கவில்லை. கத்தரிக்காய் வதக்கினேன். அடிப்பிடித்தது.

வியாகுலம் வந்தான். "என்னத்தான், சைக்கிள் சும்மா கெடக்கு? ஆலைக்காரனுக்கு லீவு விட்டுட்டீரா?" என்றான். பெட்டியைத் திரும்ப உள்ளே தூக்கிவைக்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்றான். வேண்டாம் என்றால் வேண்டாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கோதை வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கி, காப்பி வேண்டாம், தண்ணீர் போதும் என்றாள். தன் கருவியை என் கருவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க கருவிக்கு ஒண்ணுமே இல்லீங்க ஐயா. அருமையா இருக்கு."

நோட்டுகளைப் புரட்டினாள். முதல் நோட்டு, ஐந்தாவது, பன்னிரண்டாவது. இரண்டாவது பத்தியில் விரலை ஓட்டினாள். பிறகு, "வீட்டு எண் பதிமூணு வருசமா இருநூத்திப் பத்து, பன்னெண்டுன்னே நிக்குதுங்களே. இப்ப இந்த ரூம்ல அறுபத்தொண்ணுதான் வருது. எங்க வச்சுங்க எடுப்பீங்க?" என்றாள்.

கையைக் காட்டினேன். அங்கே தரைதான் இருந்தது.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தன் கருவியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள். தென்னையை நெருங்க நெருங்க அது கத்தியது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வியாகுலம் எழுந்து நின்றான்.

"இது என்னங்க ஐயா?"

"பழைய மணல்."

"எங்கிருந்துங்க?"

வியாகுலம்தான் சொன்னான். "அக்காவுக்கு முட்டுவலி. கருமணல்ல காலப் பொதைச்சு வச்சா நோவு கேக்கும்னு எங்க கரையில சொல்லுவாவ. கடலுக்குப் போயி உக்கார அவளுக்கு வெக்கம். அதான் அத்தான் ஆனி ஆடிக் கடல் ஒதுக்குன நல்ல கருப்பாப் பாத்து, காந்தம்போலப் பளபளன்னு இருக்குறதா, சலிச்சுச் சலிச்சுச் சொமந்து கொண்டாந்தாரு. ஆறு வருசம் தெனம் ஒரு மணி நேரம் அதுக்குள்ள கால வச்சுக்கிட்டு ஜெபமாலை சொல்லுவா."

அவன் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

கோதை பெட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "நீங்க ஊரு எண்ணுலருந்து இந்தப் பெட்டிய கழிச்சிருக்கீங்க. அதனாலதான் பள்ளிக்கூடம் பூஜ்யம்" என்றாள். கோயம்புத்தூரில் அவள் அலுவலகத்தில் இதே மாதிரிக் கருவி இருபத்தைந்து காட்டுமாம். எங்கள் கரை மண்ணே கருமண், இங்கே எதுவும் கூடுதலாகத்தான் இருக்குமாம். ஆனால் பள்ளிக்கூடம் 2011இல் 41. இப்போது 64. மேட்டிலிருந்து தள்ளி இருக்கும் குருசடி அன்றும் 58, இன்றும் 58. "மேட்டுப் பக்கம் மட்டும் வருசா வருசம் ஏறுது. பதிமூணு வருசம் யாருமே இப்படி எடுத்ததில்லீங்க. இதைத்தான் நீங்க மூணாவது பத்தியில அழிச்சு அழிச்சுப் பூஜ்யம் போட்டு வச்சிருக்கீங்க."

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவளுக்கு வந்தது இதனாலயா?"

"அளவு கூடுதல்தாங்க ஐயா. ஆனா இதனாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. யாராலயும் முடியாதுங்க."

2010இல் ஆலை அதிகாரி என்னிடம் சொன்னதும் இதே வாக்கியம்தான். அன்று அவன் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கிளாசைத் தட்டிவிட்டு வந்தேன். இன்று கோதைக்குத் தண்ணீர் கொண்டுவந்த செம்பு என் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். கருவி வருடாவருடம் கெட்டுப்போய்த்தான் எண் ஏறுகிறது என்று ஆலைக்காரர்கள் சொல்வார்களாம். அதற்குப் பதில் பெட்டிதானாம். அந்த மணல் மாறாது, இன்னும் ஆயிரம் வருடம் ஆனாலும் இதே எண்ணைத்தான் காட்டும். தினம் அதன்மேல் வைத்து 211, 212 என்று வந்திருப்பதால் கருவி கெடவில்லை என்று நிரூபிக்கலாம். "ஆனா பெட்டிய மறைச்சா நோட்டு நிக்காதுங்க. அது என்ன, எப்படி வந்துச்சுன்னு நீங்களே சொல்லணும்."

செப்டம்பர் 4, புதன்

ஜெனோவாவும் அதில் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில். அம்மாவுக்கு எதிரே, கால் நீட்டி.

செப்டம்பர் 8, ஞாயிறு

நோட்டுகளைத் திருத்தத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியையும் மூன்றாவது பத்தியையும் அடிக்கோல் வைத்துச் சிவப்பில் அடிக்கிறேன். அளந்தது மட்டும் நிற்கும். இதுவரை நான்கு நோட்டு. அடிக்கோல் நழுவுவதால் கோடு சில இடத்தில் வளைகிறது.

வியாகுலம் இட்லி கொண்டுவந்தான். "அத்தான், பெட்டியப் பத்திச் சொல்லணுமாவே? வீட்டு எண்ண தப்பா எடுத்துட்டேன்னு மட்டும் சொன்னாப் போதாதா?"

"போதாது."

"ஊரு சிரிக்கும்வே. பதிமூணு வருசம் ஆலையத் திட்டினவன் வீட்டுக்குள்ளேயே ஆலைய வச்சிருந்தான்னு சொல்லுவானுவ. முதல்ல நான் சிரிப்பேன்."

"சிரி."

அவன் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை வாங்கி ஐந்தாவது நோட்டை எடுத்துக்கொண்டான். இவன் அடித்த கோடுகள் என்னுடையதைவிட நேராக இருக்கின்றன. அது எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஏழாம் மாத அழைப்பு. ஜெனோவா வந்துவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது. வந்ததும் உள்ளறைக்குப் போய், "பெட்டி எங்கப்பா?" என்றாள்.

கொல்லையில் என்றேன். வேலி ஓரமாகத் தள்ளிவைத்துச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறேன். அவள் போகப் பார்த்தாள். போகாதே என்று கத்திவிட்டேன். அவளுடன் வந்த மாமியார் திகைத்துப் பார்த்தார்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அவளை உட்காரவைத்துச் சொன்னேன். இதுவரை யாரிடமும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. நடுவில் அவள் கை வயிற்றுக்குப் போனது. நான் பேச்சை நிறுத்தினேன்.

"சொல்லுங்க."

சொல்லி முடித்தேன். பெட்டி உள்ளே இருந்தவரை அந்த அறையில் என்ன எண், இப்போது என்ன எண் என்று நோட்டைக் காட்டினேன். கோதையின் போன் எண்ணைக் கொடுத்தேன். அவள் உள்ளே போய் அரை மணி நேரம் கோதையிடம் பேசினாள். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவள் முகம் கழுவியிருந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதாவ. பழசுக்கெல்லாம் பதில் இல்லையாம்."

"ஆமா."

"பிள்ளை வராத ஒன்பது வருசத்துக்கும் பதில் இல்லையாம். நான் கேட்டேன்."

நான் சுவரைப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பில் ஓரிடத்தில் தூரிகை மயிர் ஒட்டியிருந்தது.

"அதுல கால வச்சா அம்மாவுக்கு நோவு கேட்டுதுப்பா. அது எனக்குத் தெரியும். படிக்கட்டு ஏறுவா" என்றாள். பிறகு, "நீங்க முன்னாடியே வீட்டுக்குள்ள வேற எடத்துலயும் வச்சு அளந்திருக்கலாம்" என்றாள்.

இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 21, சனி

பெட்டியை மூன்று சக்கர மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் பெடலை மிதிக்க, வியாகுலம் பின்னால் தள்ளினான். "எங்கவே போவுது சவப்பெட்டி?" என்று கரையில் ஒருவன் கேட்டான். வியாகுலம் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் பந்தல். குழுவில் மூன்று பேர். ஆலை சார்பில் சட்டை உள்ளே விட்டவர்கள் ஐந்தாறு பேர். ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். கோதை கடைசி வரிசையில். ஜெனோவாவை வர வேண்டாம் என்றிருந்தேன். ஆட்டோவில் வந்து பந்தலின் மறு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என் பிடிவாதம் அவளுக்கும் உண்டு.

என் பெயரைக் கூப்பிட்டதும் நோட்டுகளை வைத்தேன். எதிர்பார்த்தபடியே ஆலைக்காரர் ஒருவர் எழுந்தார். இந்தப் பெரியவரின் குறிப்பில் பள்ளிக்கூடம் பூஜ்யம் என்றுதான் இருந்தது, இப்போது சிவப்பில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார், என்றார். சிலர் சிரித்தார்கள்.

குழுத்தலைவர் ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"தப்பான எண்ணக் கழிச்சுட்டேன் அம்மா. என் பெஞ்சாதி கால் வைக்குறதுக்கு நான் கொண்டுவந்து வச்ச கருமணல் மேல கருவிய வச்சு, அதுதான் இயற்கைன்னு நெனச்சேன். பதிமூணு வருசம். அந்தப் பெட்டி இதோ இருக்கு. நான்தான் சலிச்சேன், நான்தான் சொமந்தேன். ஆலை கொண்டுவரல."

ஆலைக்காரர் மறுபடி எழுந்தார். "அப்படின்னா உங்க மனைவி இறந்ததுக்கு ஆலை காரணம்னு இத்தனை வருசம் சொன்னீங்களே, அது?"

"அது எனக்குத் தெரியாது. ஒமக்கும் தெரியாது. இப்ப நான் அவளுக்காகப் பேச வரல. பள்ளிக்கூட வாசல் நாப்பத்தொண்ணுலருந்து அறுபத்திநாலுக்கு ஏறியிருக்கு. அத மட்டும் பேசும்."

"பழைய கருவி. கெட்டுப்போனா ஏறத்தான் செய்யும்."

அதற்குத்தான் காத்திருந்தேன். பெட்டியைத் திறந்து மணலைக் காட்டி, மூடிவிட்டு, தினம் வைப்பதுபோலவே கருவியை மேலே வைத்தேன். பத்து நிமிடம். யாரும் நகரவில்லை. தலைவர் தானே எழுந்து வந்து குனிந்து திரையைப் பார்த்தார். 211. முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, சிவப்புக் கோட்டுக்கு அடியில் தெரிந்த வீட்டு எண்ணைப் பார்த்தார். 211. தன் உதவியாளரிடம் நோட்டுகளை வரிசை எண் போட்டுப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். தனியாக அளவெடுக்க ஆள் வரும்வரை மேட்டை நீட்டக் கூடாது என்று எழுதச் சொன்னார். அவ்வளவுதான். ஆலையை மூடவில்லை. யாரும் கைதட்டவில்லை. பெஞ்சைவிட்டு எழுந்து போகும்போது இரண்டு பெண்கள் பெட்டியைச் சுற்றி, புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மணலை எடுத்த இடத்திலேயே கொட்டலாம் என்று கோதை சொல்லியிருந்தாள். காலைப் பூசைக்குப் பிறகு நானும் வியாகுலமும் வண்டியை அலை விளிம்புவரை தள்ளினோம். வாளியால் அள்ளிக் கொட்டினேன். கறுப்பில் கறுப்பு, உடனே எது எதுவென்று தெரியவில்லை. அடியில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. துருப்பிடித்து மணலோடு ஒட்டியிருந்தது. வியாகுலம் கையை நீட்டினான். அவனிடமே கொடுத்துவிட்டேன்.

பெட்டி நல்ல அயனிப் பலா மரம். உடைத்து அடுப்புக்கு வைக்கலாம் என்றான் அவன். மூலையில் மணல் தங்கியிருக்கும், எரிக்கக் கூடாது என்றேன். நாலு முறை கடல் தண்ணீரில் கழுவினோம். கருவியை வைத்துப் பார்த்தேன். 70. இன்னொரு முறை கழுவினோம்.

முதுகு நிமிர்த்த முடியவில்லை. ஜெனோவா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

செப்டம்பர் 23, திங்கள்

உள்ளறை 61. அவள் கட்டில் பக்கம் 60.

வடக்கு வேலி 263. மேடு 391. பள்ளி 64. குருசடி 58.

கழிக்கவில்லை.